அப்பாவின் டிரம்மும் என் காதுப் பஞ்சும்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

சென்ற ஞாயிற்றுக்கிழமை நம் குடியிருப்பின் மூத்தோர் கூட்டத்தில் நான் எழுந்து நின்றதையும், ஒரு சொல்லும் பேசாமல் மீண்டும் அமர்ந்ததையும் நீங்கள் அனைவரும் பார்த்தீர்கள். தலைசுற்றல் என்று எண்ணி மின்விசிறியை என் பக்கம் திருப்பினீர்கள். மூன்றாம் மாடி அம்மையார் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தார். அந்த அன்புக்கு என் நன்றி. ஆனால் அது தலைசுற்றல் அன்று; மகிழ்ச்சி. பெருமகிழ்ச்சி வந்தால் என் நாக்கு கட்டிக்கொள்ளும். சிறுவயது முதலே எனக்கு அப்படித்தான். பேச்சில் நின்றுபோனதை எழுத்தில் முடித்து வைக்கவே இதை எழுதுகிறேன்.

அந்த மகிழ்ச்சிக்குக் காரணம், கீழ்த்தளக் கூடத்தில் நம் பேரக் குழந்தைகளுக்கு இசை கற்பிக்கும் இளம் ஆசிரியை. கொட்டும் சத்தத்தைப் பற்றி நம்மவர்கள் புகார் சொன்னபோது அவர் பொறுமையாக ஒரு விளக்கம் தந்தார். தாளம் தட்டும் குழந்தைக்குக் காதும் கையும் நாக்கும் ஒன்றுகூடி வேலை செய்கின்றன. அவ்வாறு செய்யச் செய்ய மூளைக்குள் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் பாதை உண்டாகிறது. பேச்சு திக்கும் குழந்தைகள் சிலருக்கு அந்தப் பாதை பெரிய துணை என்றார். அதைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அறுபது ஆண்டுகளாக நான் நெஞ்சுக்குள் பொத்திவைத்திருந்த ஒன்றை, நம் ஹெப்பகோடியில், என் பேத்தியின் வயதை ஒத்த ஒரு பெண், ஒலிபெருக்கியில் சொல்கிறாள்! உடனே நம்மில் ஒருவர் எழுந்து, “கீபோர்டும் வயலினும் இருக்கட்டும்மா, அந்த டிரம்ம மட்டும் தூக்கிடுங்க. பசங்க மூளை கலங்கிடும்” என்றார். அப்போதுதான் நான் எழுந்தேன். அப்போதுதான் நாக்கு கட்டிக்கொண்டது.

ஐயா, டிரம்மைத் தூக்கிவிட்ட வீடு எப்படி இருக்கும் என்பதை நான் அறிவேன். அதில் வாழ்ந்திருக்கிறேன்.

அக்காலத்தில் நாங்கள் பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனின் பின்புறம், ரயில் பாதையை ஒட்டிய லைன் வீடுகளில் குடியிருந்தோம். ஒற்றைச் சுவரைப் பகிர்ந்துகொண்ட ஓட்டு வீடுகள். சரக்கு வண்டி போனால் அலமாரித் தட்டில் உள்ள டம்ளர்கள் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும். என் அப்பாவுக்குப் பகலில் வெள்ளையடிக்கும் வேலை. முகூர்த்த நாட்களிலும் திருவிழாக்களிலும் பேண்டு செட்டில் சைடு டிரம் வாசிப்பார். நாங்கள் அவரை நைனா என்றுதான் அழைத்தோம். அவர் விரல் இடுக்குகளில் சுண்ணாம்பு காய்ந்து வெடித்திருக்கும். அந்த விரல்களில் குச்சிகளைப் பிடித்தால் பார்ப்பவர் கண்ணுக்குக் குச்சி தெரியாது, வெள்ளைப் புகை ஒன்றுதான் தெரியும்.

டிரம் எங்கள் வீட்டில் அடுப்புக்கு எதிர்ச் சுவரில், பெரிய ஆணி ஒன்றில் தொங்கியது. பக்கங்களில் பித்தளை, மேலும் கீழும் சிவப்பு மர வளையம், குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டிய வெள்ளைக் கயிறு. அம்மா அதன் பித்தளையைப் புளி போட்டுத் துலக்குவாள். மழைக்காலத்தில் தோல் தொய்ந்துவிடும். அப்போது அப்பா அதை மடியில் வைத்து அடுப்பின் அனலில் மெல்லக் காட்டுவார். வெதுவெதுப்பான அந்தத் தோலின் மணம், குழந்தையின் தலையைத் துவட்டும்போது வரும் மணம் போல இருக்கும். இன்று அந்த டிரம் இல்லை. மணம் மட்டும் என்னிடம் இருக்கிறது.

அப்பாவின் பேண்டு செட்டில் யாருக்கும் இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது. கிளாரினெட் வாசித்த மாஸ்டர் ஒவ்வொரு தாள அடிக்கும் ஒரு வேடிக்கையான வாய்ச் சொல் கட்டி வைத்திருந்தார். புதிதாக வருகிறவர் அதைப் பிசகில்லாமல் வாயால் சொன்ன பிறகே குச்சியைத் தொடலாம். கல்யாண ஊர்வலத்தின் அடி இது:

அல்சூரு ரோட்டுல அத்தையம்மா வீட்டுல
புட்டு வெந்துபோச்சு, பூனை துன்னுபோச்சு.

சாவு ஊர்வலத்தின் மெதுவான அடி இது:

மெல்லப் போ மாமா, மேடு வருது மாமா.

எனக்குச் சோறு ஊட்டும்போது அப்பா தட்டின் விளிம்பில் விரலால் தட்டிப் பூனையைத் துன்ன வைப்பார். தூங்க வைக்கும்போது என் முதுகில் மாமாவை மேடேற்றுவார். நான் பிறந்த நாள் முதல் என் உடம்புக்கு நடக்கவும் உறங்கவும் அந்த இரண்டு அடிகளே வழி சொல்லின.

பேச்சு மட்டும் வரவில்லை. தாமதமாகத் தொடங்கிய பேச்சு, தொடங்கிய உடனே தடுக்கி விழுந்தது. குறிப்பாக என் பெயரின் முதல் எழுத்து எனக்கு முன்னால் மதில் போல் நிற்கும். உதடு ஒட்டிக்கொள்ளும், கழுத்து நரம்பு புடைக்கும், கேட்டவர் கருணையோடு வேறு பக்கம் பார்ப்பார்.

அம்மா காலை வேளைகளில் ரிச்சர்ட்ஸ் டவுனில் டீச்சரம்மா வீட்டில் வேலை செய்தாள். அவர் அருகில் உள்ள பள்ளியின் தலைமையாசிரியை. மாலையில் தம் வீட்டில் குழந்தைகளுக்குப் பியானோ கற்பிப்பார். பளபளக்கும் பூட்சு அணிந்த குழந்தைகள் வருவார்கள். அவர்களின் பெற்றோரிடம் டீச்சரம்மா, “மியூசிக் படிச்சா குழந்தைக்கு பிரெயின் நல்லா டெவலப் ஆகும், கணக்கு தானா வரும்” என்று சொல்வாராம். பியானோவின் கட்டைகளைப் பல் துலக்குவது போல் ஒவ்வொன்றாகத் துடைத்த என் அம்மா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். நம் வீட்டுச் சுவரில் தொங்குவதும் இசைதான் என்ற நினைவு அவளுக்கும் வரவில்லை, டீச்சரம்மாவுக்கும் வரவில்லை.

அந்தப் பள்ளியில் என்னைச் சேர்க்க ஒரு ஜூன் மாதம் அழைத்துச் சென்றார்கள். அக்காலத்து வழக்கப்படி வலக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடக்காதைத் தொடச் சொன்னார்கள். தொட்டுவிட்டேன். பெயரைக் கேட்டார்கள். அவ்வளவுதான். “காது எட்டுது, மூளை இன்னும் எட்டல. அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்க” என்று டீச்சரம்மா என் கன்னத்தைத் தட்டி அனுப்பினார். அவர் நல்லவர், அம்மையீர். அந்தக் கன்னத்தட்டலில் பொய் இல்லை.

அடுத்த ஆண்டும் பெயர் வராவிட்டால் என்ன ஆகும் என்பது வீட்டில் அனைவருக்கும் தெரியும். எங்கள் லைனில் ஓர் அத்தை, பெண்பிள்ளைகளை உட்காரவைத்து ஊதுபத்தி உருட்டச் செய்து கடைக்குக் கொடுப்பார். என் அக்கா மூன்றாம் வகுப்போடு அங்கே போய் அமர்ந்தவள். அவள் உள்ளங்கை எப்போதும் கரித்தூளால் கறுத்து, அதிலிருந்து மல்லிகை வாசனை வரும். அவளுக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு பலகையை அத்தை ஒதுக்கி வைத்திருந்தார்.

கிறிஸ்துமஸ் சமயத்தில் அம்மா டீச்சரம்மாவிடம் அழுது யோசனை கேட்டாள். அவர் எங்கள் வீட்டு நிலவரத்தை விசாரித்தார்.

“என்னது, ஒரே ரூம்ல டிரம்மா? அதையும் குழந்தை பக்கத்துலயே அடிக்கிறாரா?”

“சும்மா பழகறதுக்கு அடிப்பாருங்கம்மா.”

“ஐயோ! அந்த நாய்ஸ்தான் இவ நெர்வ்ஸை உலுக்குது. முதல்ல வீட்டை அமைதியா வைங்க. பிரெயினுக்கு ரெஸ்ட் வேணும்.”

புறப்படும்போது அவர் அம்மாவிடம் ஒரு பிஸ்கட் டப்பாவையும் கொடுத்தார். நீல நிறம், மூடியில் பனியில் ஓடும் குதிரை வண்டி. அந்த டப்பா பின்னால் வரும்; மறந்துவிட வேண்டாம்.

அன்று மாலை அம்மா சொன்னதை அப்பா முழுவதும் கேட்டார். பிறகு எழுந்து டிரம்மை ஆணியிலிருந்து எடுத்தார். அம்மாவின் பழைய புடவையால் சுற்றினார். பச்சைப் பிள்ளையைத் தூக்குவது போல இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு மாஸ்டரின் கொட்டகைக்குக் கொண்டுபோனார். திரும்பி வந்தவர் ஆணியையும் பிடுங்கிவிட்டார். ஆணி இருந்தால் கை அதைத் தேடும் என்று எண்ணினார் போலும்.

அந்த நாள் முதல் எங்கள் வீட்டைப் போன்ற அமைதியான வீடு பெங்களூரிலேயே இருந்திருக்காது. பானைகளின் அடியில் கயிற்று வளையம் வந்தது. அலமாரி டம்ளர்களுக்கு நடுவே துணி திணித்தார்கள். சோறு ஊட்டும்போது அப்பாவின் விரல்கள் தட்டின் விளிம்புவரை போய், சுட்டது போலத் திரும்பிவிடும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக அம்மா தன் பங்குக்கு ஒன்று செய்தாள்: ரயில் சத்தம் மூளையை உலுக்காமலிருக்க என் இரண்டு காதுகளிலும் பஞ்சு வைத்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் சும்மா விடுவார்களா?

“இன்னா நைனா, உன் வூட்டுப் பூனைகூட காலைத் தொடைச்சிக்கினுதான் உள்ள வருதாமே!”

“ஷ்ஷ்! மெல்லமா பேசுபா, கொழந்த கீது” என்பார் அப்பா. அவர் சிரிக்கவே இல்லை.

பஞ்சுக்குள்ளே நான் வேறோர் ஊரில் இருந்தேன். சொற்கள் பாதி வந்தன, பாதி வரவில்லை. முன்பு திக்கியாவது வந்த பேச்சு, இப்போது வருவதற்கே அஞ்சியது. பெரியவர்கள் அதைப் பார்த்தார்கள். மூளை மேலும் களைத்திருக்கிறது என்று முடிவு செய்து, பஞ்சைச் சற்று அதிகமாக வைத்தார்கள். இன்று எண்ணிப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, அவர்களைக் கட்டிக்கொள்ளவும் தோன்றுகிறது. தன் உயிருக்கு நிகரான ஒன்றை ஒரே மாலையில் எனக்காகக் கொண்டுபோய் விட்ட மனிதர் அப்பா. கொண்டுபோனது என் மருந்து என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இனி வருவதுதான் நான் கூட்டத்தில் சொல்லத் துடித்தது.

கோடை தொடங்கும் சமயம், ரயில் வேலியோரம் ஒரு பெருச்சாளி செத்துக் கிடந்தது. பூனைக்குட்டி அளவு உடம்பு. லைன் பிள்ளைகள் எல்லோரும் கூடிவிட்டார்கள். அதற்கு முறைப்படி பேண்டு வைத்து அடக்கம் செய்வது என்று முடிவாயிற்று. அக்கா தானே மாஸ்டர் என்று அறிவித்தாள். பப்பாளித் தண்டு கிளாரினெட் ஆயிற்று. மண்ணெண்ணெய் டின் பெரிய டிரம் ஆயிற்று. எங்கள் வீட்டு நீலப் பிஸ்கட் டப்பா சைடு டிரம் ஆயிற்று. டப்பாவுக்கு அடிதடி நடந்தது.

“யாருக்கும் சும்மா தரமாட்டேன்! வாயில சொல்றவங்களுக்குத்தான் டப்பா. எங்க நைனா செட்டுல அதான் ரூல்ஸு!” என்றாள் அக்கா.

ஒருவனுக்குப் பூனை முன்னால் வந்து புட்டு பின்னால் போயிற்று. இன்னொருத்திக்கு மாமா மேட்டிலேயே நின்றுவிட்டார். நான் காதிலிருந்த பஞ்சை எடுத்துப் பாவாடை மடிப்பில் செருகிக்கொண்டு அக்காவின் முன் போய் நின்றேன். ஏன் நின்றேன் என்று எனக்குத் தெரியாது. டப்பாவின் மேல் எனக்கு அவ்வளவு ஆசை.

“நீயா? சரி, சொல்லுடி.” அக்கா குச்சியால் வேலிக் கம்பத்தில் தட்டினாள்.

ஐயா, நான் சொன்னேன். அல்சூர் ரோட்டிலிருந்து பூனை வரை ஓரிடத்திலும் நிற்காமல், மூச்சு முட்டாமல், கழுத்து நரம்பு புடைக்காமல் சொன்னேன். என் வாயிலிருந்து வருவது என் குரல்தானா என்று எனக்கே ஐயமாயிருந்தது. பிள்ளைகள் “டப்பா அவளுக்கு!” என்று கத்தினார்கள். அக்கா மட்டும் கத்தவில்லை. குச்சி அந்தரத்தில் நின்றது. பெருச்சாளியை மறந்து என்னையே பார்த்தாள்.

“இன்னொரு தபா சொல்லு.”

சொன்னேன்.

“இப்போ அத்தையம்மா பேருக்குப் பதிலா உன் பேரைப் போடு. நான் தட்றேன். அடி வரும்போது குதி. யோசிக்காத, குதி!”

கம்பத்தில் அடி விழுந்தது. நான் குதித்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றேன். என் பெயர் முழுதாக என் வாயிலிருந்து வெளியே வந்து வேலிக்கு மேல் பறந்தது!

அன்று பெருச்சாளிக்கு நடந்த ஊர்வலத்தைப் போன்ற குதூகலமான சாவு ஊர்வலத்தை நான் பிறகு கண்டதில்லை. சாவு அடியை விட்டுவிட்டுக் கல்யாண அடியிலேயே கொண்டுபோய்ப் புதைத்தோம்.

வீட்டில் கொட்டுக்குத் தடை. ஆகையால் பெரியவர்களிடம் சொல்ல அக்காவுக்கு அச்சம். “சொன்னா டப்பாவையும் புடுங்கிடுவாங்கடி. ஜூன் வரட்டும்” என்றாள். அவள் ஊதுபத்தி உருட்டி முடித்து வந்ததும் இருவரும் வேலியோரம் போவோம். சரக்கு வண்டி வரும் வரை காத்திருப்போம். வண்டியின் இரைச்சலுக்குள் டப்பாவைத் தட்டி நான் என் பெயர், அப்பா பெயர், குடியிருக்கும் தெரு, வாரத்தின் நாட்கள் எல்லாவற்றையும் கத்திச் சொல்வேன். வண்டி போய்விட்டால் வாயைப் பொத்திக்கொள்வோம். கரித்தூள் படிந்த அக்காவின் கை தட்டித் தட்டி, மூடியில் இருந்த குதிரைகள் கறுத்துப்போயின.

சித்திரையில் அல்சூரில் பூப்பல்லக்குகள் வந்தன. தெரு முழுவதும் கனகாம்பரமும் மரிக்கொழுந்தும் மணக்க, அம்மாவின் இடுப்பில் அமர்ந்து பார்த்தேன். அப்பாவின் செட் எங்களைக் கடந்தது. காதில் பஞ்சு இருந்தும் அந்த அடி என் விலா எலும்பில் வந்து மோதியது. நான் கையை ஆட்டினேன். அப்பா என்னைக் கண்டார். கண்டதும் குச்சிகளை அடக்கி, தோலுக்கே கேட்காத அளவுக்கு மெல்ல வாசித்தார். மாஸ்டர் திரும்பி முறைத்தார். எங்களைத் தாண்டிப் போன பிறகே அடி மீண்டும் எழுந்தது. எனக்குத் தீங்கு வரக்கூடாது என்று திருவிழாவின் நடுவே தன் கையைக் கட்டிக்கொண்டவரைப் பார்த்து, அப்பாவுக்கு என்மேல் கோபம் என்று நான் அழுதேன்.

ஜூன் வந்தது. அம்மா எனக்கு எண்ணெய் வழியப் பின்னலிட்டு, புதுப் பஞ்சும் வைத்தாள். பள்ளியிலிருந்து நேரே ஒரு கல்யாணத்துக்குப் போகவேண்டியிருந்ததால் அப்பா பேண்டுக் கோட்டிலேயே வந்தார்: சிவப்புக் கோட்டு, தோளில் தங்கச் சரிகை, ஒரு பித்தளைப் பொத்தான் விழுந்த இடத்தில் சட்டைப் பொத்தான். டிரம்மைப் புடவையில் சுற்றியபடியே தாழ்வாரத்தின் மூலையில் வைத்தார். அக்கா அழைக்காமலே வந்தாள். வேலை இருக்கிறது என்று அத்தை கூப்பிட்டதற்கு, “வயித்து வலி” என்று சொல்லிவிட்டு ஓடிவந்தவள் அவள்.

டீச்சரம்மாவின் அறைக்குள் என்னையும் அம்மாவையும் மட்டும் அழைத்தார்கள். அடி பிடிக்கக் காலைத் தரையில் தட்டு என்று அக்கா சொல்லிக் கொடுத்திருந்தாள். ஆனால் உள்ளே கயிற்றுப் பாய். வெறுங்காலுக்கு ஓசையே எழவில்லை. கையைத் தொடையில் தட்டலாம் என்றால், “கையைக் கட்டு. ஆடாம நில்லு” என்றார் டீச்சரம்மா. “சொல்லு கண்ணு, உன் பேர் என்ன?”

பஞ்சுக்கு அப்பாலிருந்து கேள்வி மங்கலாக வந்தது. மதில் எழுந்தது. உதடு ஒட்டிக்கொண்டது. டீச்சரம்மா மீண்டும் கேட்டார், காத்திருந்தார். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அம்மாவைப் பாராமல் சொன்னார்: “அடுத்த வருஷம்னு சொல்ல எனக்கு மனசு வரல. வயசும் ஏறுது. வீட்லயே ஏதாவது கைவேலை கத்துக்கட்டும்.”

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்போது வாசலில் அக்காவின் குரல் வெடித்தது.

“நைனா! அடி நைனா! ஜல்தி!”

“ஏய், சும்மா இருடி. இஸ்கூலு இது.”

“அடி விழுந்தா அவ பேசுவா! பெருச்சாளி சாவுக்குப் பேசினா நைனா! நிக்காம பேசினா!”

“இன்னாடி உளர்றே? எந்தப் பெருச்சாளி? அந்தச் சத்தத்தாலதானே அவளுக்கு இப்படி ஆச்சு!”

“சத்தத்தால இல்ல நைனா! சத்தம் போனதால! சாமி சத்தியமா!”

கதவின் இடுக்கில் அப்பாவின் முகம் தெரிந்தது. அந்த முகத்தை நான் மறக்கவில்லை. அரை ஆண்டாக ஒரு கரண்டிகூடக் கீழே விழாமல் காத்த மனிதரிடம், பகையாக எண்ணிய அந்தச் சத்தத்தையே அழைத்து உள்ளே விடச் சொல்கிறாள் அவர் பெரிய மகள். அவர் என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். பிறகு கதவு நிலையில் விரல் முட்டிகளை வைத்துத் தட்டத் தொடங்கினார். அல்சூரு ரோட்டுல, அத்தையம்மா வீட்டுல.

விரல்கள் அசைவதைக் கண்டேன். ஓசை எனக்கு எட்டவில்லை. வாய் திறந்து மூடியது.

“அவ காதுல பஞ்சு கீது டீச்சர்!” அக்கா உள்ளேயே வந்துவிட்டாள். “நீங்க கேக்கறதே அவளுக்குப் பாதிதான் கேக்குது!”

“பஞ்சா? யார் வெச்சது?”

“நீங்கதானம்மா அமைதியா வைங்கன்னு…” என்றாள் அம்மா.

டீச்சரம்மா எழுந்து வந்து என் முன் மண்டியிட்டார். ஒரு காதிலிருந்து பஞ்சை இழுத்தார். மறு காதிலிருந்தும் இழுத்தார். வெளியே வந்த அந்த இரண்டு உருண்டைகளையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது. அவற்றைத் தம் கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.

அதற்குள் என் காதுக்குள் ஊரே புகுந்துவிட்டது! மழைத் தூறல், வகுப்புகளின் இரைச்சல், அனைத்துக்கும் மேலாக மரத்தில் விழும் அப்பாவின் அடி. நான் குதித்தேன். என் பெயரைச் சொன்னேன். அப்பா பெயரைச் சொன்னேன். தெருவைச் சொன்னேன். கேட்காமலே திங்கள் செவ்வாய் என்று ஞாயிறு வரை போனேன். அப்பாவின் கை நின்றுவிட்டது. நின்ற இடத்தில் நானும் நின்றேன்.

“நிறுத்தாதீங்க!” என்று டீச்சரம்மா கத்தினார். அவர் கத்தி அந்தப் பள்ளியில் யாரும் கேட்டதில்லையாம். “உங்க டிரம் எங்க?”

“வெளியதான் கீது மேடம். சத்தம் வராம சுத்தி வெச்சிருக்கேன்.”

“பிரிங்க!”

புடவை அவிழ்ந்தது. தலைமையாசிரியையின் அறையில், சிவப்புக் கோட்டில், மழைக்குத் தொய்ந்த தோலில் அப்பா வாசித்தார். தொய்ந்த தோலுக்கும் ஒரு கம்பீரம் உண்டு என்பதை அன்று அறிந்தேன். சன்னலெல்லாம் பிள்ளைகளின் முகங்கள். டீச்சரம்மா கூட்டல் கேட்டார், அடியில் சொன்னேன். ஆங்கில எழுத்து ஏதாவது தெரியுமா என்றார்; தெரியாது என்பதையும் அடியிலேயே சொன்னேன். அவர் விரல்கள் தம்மையறியாமல் மேசை விளிம்பில் பியானோ வாசித்துக்கொண்டிருந்தன. பிறகு பேனாவை எடுத்து என் பெயரை எழுதினார்.

எழுதி முடித்து அக்காவிடம் திரும்பினார். “நீ எந்த கிளாஸ்மா?”

“ஊதுபத்தி கிளாஸ், டீச்சர். அதுல நான்தான் ஃபர்ஸ்ட்டு.”

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியபோது அந்தக் கேள்வியும் அடங்கிவிட்டது. யாரும் அதை மறுபடி எடுக்கவில்லை.

கல்யாண வீட்டுக்கு அப்பா தாமதமாகப் போய் மாஸ்டரிடம் வசை வாங்கினார். மாலையில் திரும்பும்போது மாஸ்டரையும் செட்டையும் கூட்டிக்கொண்டே வந்தார். லைன் முனையில் கொட்டு கேட்டதும் யார் வீட்டில் சாவு, யார் வீட்டில் கல்யாணம் என்று சனங்கள் கதவைத் திறந்து ஓடிவந்தார்கள். “எதுவும் இல்லபா! எம் பொண்ணு அவ பேரைச் சொன்னா!” என்று அப்பா கூவினார். ஒரு பெயருக்காக ஊர்வலம் போன குழந்தை இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அன்று பழைய துளையிலேயே ஆணி மறுபடி இறங்கியது.

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தேன். பிறகு தையல் ஆலையில் சேர்ந்தேன். தமிழ் நூல்களை நூலகத்தில் இரவல் வாங்கி நானே வாசித்து, இப்படி எழுதும் அளவுக்கு வந்தேன். திக்கல் முழுதும் போகவில்லை; அடியைப் பிடித்துக்கொண்டு நடக்கக் கற்றேன், அவ்வளவே. அக்கா திருமணம் வரை ஊதுபத்தி உருட்டினாள்.

ஐயா, அம்மையீர், இங்கேதான் நான் இத்தனை ஆண்டுகள் கழித்துத் தாமதமாக ஒன்றைப் பார்க்கிறேன். இசையால் மூளை வளரும் என்று டீச்சரம்மா அறிந்திருந்தார், ஆனால் அதை எங்கள் சுவரில் காணவில்லை. என் மூளையைப் பற்றி ஊரெல்லாம் கவலைப்பட்டது. ஆனால் எந்தப் புத்தகமும் படிக்காமல், ஒரு செத்த பெருச்சாளியின் முன் நின்று, நம் இசை ஆசிரியை ஒலிபெருக்கியில் சொன்னதை அன்றே கண்டுபிடித்த பதினொரு வயது மூளையைப் பற்றி யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அக்கா இப்போது தொம்மலூரில் தன் மகன் வீட்டில் இருக்கிறாள். ஞாயிறன்று வீடு திரும்பியதும் அவளுக்குத் தொலைபேசினேன். மகிழ்ச்சியில் எனக்குப் பேச்சு எழவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து அவள் எதையோ தட்டும் ஓசை வந்தது. அதன் மேலேறி எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு அவள், “அதான் எனக்கு அப்பவே தெரியுமேடி” என்றாள்.

அடுத்த கூட்டத்துக்கு அவளையும் அழைத்து வருகிறேன். அவள் மேசையைத் தட்டுவாள். நான் எழுந்து பேசுவேன். அதுவரை கீழ்க்கூடத்து டிரம்மை யாரும் புடவையில் சுற்ற வேண்டாம்.

இந்தத் தாள்களைக் கூட்டக் குறிப்புகளோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருக்குமாறு வேண்டிக்கொள்கிறேன். கண்டுபிடித்தவள் என் அக்கா என்பது எங்காவது எழுத்தில் இருக்கவேண்டும்.